சூப்பர்மொக்: மொக்தார் டஹாரி

எழுபதுகளில் பேராக் தோட்டத் திடல்களில் மாலையானால் பந்து உதைத்த பையன்கள் பலருக்கு ஒரே ஆசை, மொக்தார் டஹாரி மாதிரி கோல் போட வேண்டும். இத்தனைக்கும் அவர் சிலாங்கூர்க்காரர், நமக்கு எதிரணி!

1953 நவம்பர் 13ஆம் தேதி செத்தாப்பாக்கில் ஒரு லாரி ஓட்டுநருக்கு மகனாகப் பிறந்தார். 1972இல் தேசிய அணிக்குள் வந்தார். 1974 ஆசியப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றபோதும் அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் அர்செனல் குழு இங்கு வந்தது. சிலாங்கூர் 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் மொக்தாருடையவை.

1978 மே 30, மெர்டேக்கா அரங்கம். எதிரில் இங்கிலாந்து ‘பி’ அணி. நடுத்திடலில் பந்தைப் பிடித்தவர் ஆட்டக்காரர்களைத் தாண்டித் தாண்டிப் போய் வலைக்குள் அடித்தார். ஆட்டம் 1-1. பார்த்தவர்கள் இன்றும் அந்த ஒரு கோலைத்தான் பேசுகிறார்கள்.

நாட்டுக்காக 142 ஆட்டங்கள், 89 கோல்கள். அவர் முன்னால் கோல் போட, பின்னால் வலையைக் காத்தவர் நம் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம்.

பிறகு தசைகளை இயக்கும் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வந்தது. அதன் சரியான பெயர் பலருக்கு 2010இல் வந்த ஆவணப்படத்தில்தான் தெரிந்தது. 1991 ஜூலை 11ஆம் தேதி மொக்தார் காலமானார். வயது 37தான். ஆறுமுகம் அதற்கு முன்பே, 1988இல், சாலை விபத்தில் போய்விட்டார்.