வேடம் வகுத்த ஆசிரியர்: சங்கரதாஸ் சுவாமிகள்

நம் நாட்டின் வடபால் ஊர்களிலே கோயில் விழாக் காலங்களில் விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகியவர்கள் நம் பழைய மாணவருள் பலர் உளர். சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன் என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தே ஆர்மோனிய ஓசையும் மிருதங்க ஓசையும் அவர் காதில் ஒலிக்கும். பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுத்தால் எஞ்சிய அடிகளைத் தாமே பாடி முடிக்கும் முதியோரையும் நாம் அறிவோம். ஆயினும், அப்பாட்டுக்களை யாத்தவர் யார் என வினவின், அண்ணாவியார் பெயரைச் சொல்வார் சிலர். நடிகர் பெயரைச் சொல்வார் சிலர். சங்கரதாஸ் சுவாமிகள் என்று சொல்வார் மிகச் சிலரே. அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் இயற்றிய நாடகங்களைப் பற்றிப் பிறர் நிரம்ப எழுதியுள்ளனர். நாமோ, ஊரூராய்ச் சென்று பிழைத்த நாடகக் குழுக்களிலே இன்னார்க்கு இன்ன வேடம் என அவர் ஆளறிந்து வகுத்த திறத்தையே பெரிதும் நோக்கக் கருதினோம்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு புரட்டாதித் திங்களுக்குச் சற்று முன், செப்டெம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை. இராமாயணத்தில் வல்லவராதலின் இராமாயணப் புலவர் என அவரை மக்கள் போற்றினர். மைந்தர் தந்தையாரிடத்துத் தொடங்கிய தமிழ்க் கல்வியைப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடத்து நிரப்பிக்கொண்டார். உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர் அவர்க்கு ஒருசாலை மாணாக்கர். பதினாறு வயதளவிலேயே வெண்பாவும் விருத்தமும் பாட வல்லவராயினும், வயிற்றுப் பிழைப்புக்குத் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையிலே கணக்கராகவே அவர் அமர நேர்ந்தது. இருபத்துநான்காம் வயதில், அதாவது 1891ஆம் ஆண்டில், அக்கணக்கேட்டை மூடிவிட்டு நாடகத் துறையிற் புகுந்தார். அதே 1891இல் சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அச்சபையில் இருந்தோர் வழக்கறிஞரும் உத்தியோகத்தருமாவர். மாலையில் நடித்துவிட்டுக் காலையில் தத்தம் தொழிலுக்குப் போவர். சுவாமிகள் புகுந்த உலகமோ வேறு. அங்கே நாடகமே தொழில். கொட்டகையில் ஆள் சேராவிடின் அடுப்பில் உலை ஏறாது.

அக்காலத் தொழில்முறை நாடகக் குழுவிலே புதிதாய் வருபவனுடைய தகுதி எவ்வாறு தேரப்பட்டது என்பதை இக்கால மாணவர் அறிதல் நன்று. முதற்கண் கேட்கப்படுவது சாரீரம். ஒலிபெருக்கி வாராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் இருப்பவனுக்கும் சொல் விளங்கப் பாடுதல் வேண்டும். அடுத்துத் தாளம் பிசகாமை. அதன்பின் நெட்டுருப் பண்ணும் ஆற்றல். அதன்பின்னரே முகவெட்டும் உடலமைப்பும். இவற்றை வைத்து இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என நடிகர் வகுக்கப்பட்டனர். முதன்மை பெற்றவர் அயன் இராஜபார்ட், அயன் ஸ்திரீபார்ட் எனப்பட்டனர். ஒருவன் ஒரு வகுப்பிற் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் அவ்வகுப்பினின்று அவன் மாறுவதில்லை.

சுவாமிகளையும் அத்தராசு நிறுத்தது. கம்பீரமான உருவமும் உரத்த குரலும் உடையவரைக் கண்ட குழுவினர் அவர்க்கு இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்களையே வழங்கினர். புலமைக்காக வந்தவரை உருவம் பார்த்து அளந்தனர் என்க. அவ்வேடங்களை அவர் அஞ்சத்தக்கவாறு நடித்தார். சாவித்திரி நாடகத்தில் எமனாய்த் தோன்றியபோது அவையில் இருந்த கருவுற்ற மாது ஒருத்தி அஞ்சி மயங்கிக் கருச்சிதைந்தாள் என்றும், நளன் கதையில் சனீசுவரனாய் ஆடிய இரவு கழிந்து வைகறையில் வேடத்தைக் கழுவ நீர்த்துறைக்குச் சென்றவரைத் திடீரெனக் கண்ட வண்ணார மகள் ஒருத்தி உயிர் நீத்தாள் என்றும் வழிவழியாகச் சொல்வர். இக்கதைகளிற் காலம் சேர்த்த மிகை எவ்வளவு என்பது ஒருபுறமிருக்க, வேடம் புனைவதை அவர் விட்டார் என்பதும், அதன்பின் ஆசிரியராகவே விளங்கினார் என்பதும் உண்மை. தமக்குக் கிடைத்த வேடத்தினாலே தாமே துன்புற்றவர் பிறர்க்கு வேடம் வகுக்கும் இடத்தில் அமர்ந்தார். அவர் வரலாற்றின் அச்சாணி இதுவே என நாம் கருதுகின்றோம்.

சிறிது காலம் சாமி நாயுடு குழுவிலே சூத்திரதாரராயும் ஆசிரியராயும் இருந்தார். பின்னர் உலகப் பற்று நீங்கித் துறவு பூண்டு தலயாத்திரை செய்தார். சுவாமிகள் என்னும் பெயர் அப்போதே அமைந்தது. யாத்திரையின் நடுவே புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைக் கண்டு தம் மகன்போல ஏற்றுத் தம்மிடத்து இருத்திக்கொண்டார். அங்கே பெற்ற லய ஞானம் பிற்காலத்துப் பாடல்களிலெல்லாம் புலப்படும். அவ்வன்பர் வற்புறுத்தலால் மீண்டும் நாடகத்துக்கு வந்து, வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் முதலானோர் குழுக்களுக்கு ஆசிரியரானார்.

ஆனால் வயது வந்த நடிகர்களுடன் அவர் பட்ட பாடு பெரிது. பெயர் பெற்ற நடிகன் ஒரு குழுவில் நிலைப்பதில்லை. பத்து ரூபாய் மிகுதியாகக் கிடைக்குமாயின் அடுத்த ஊர் குத்தகைக்காரனிடம் போய்விடுவான். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் முறை அவ்வாறு பிறந்ததே. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையிற் சந்திப்பர். இருவர்க்கும் சுவாமிகளின் பாடம் தெரிந்திருத்தலால் நாடகம் நடக்கும். பாடத்தை விட்டு விலகி ஒருவரையொருவர் மடக்க வினாத் தொடுப்பதும் உண்டு. விடை தெரியாதவன் அவையோர் முன் தலைகுனிவான். ஆகவே அங்கே தேர்வு மண்டபம் மேடையே, பார்ப்போரே தேர்வாளர். நம் ஊர்களில் வளர்ந்த இசை நாடகத்திலும் இத்தகைய தர்க்கத்தைக் கேட்டு மகிழ்ந்தவர் பலர். அதில் ஒரு சுவை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆசிரியன் எழுதிய கதை நடிகர் இருவரின் மல்யுத்தத்திடையே நசுங்கிப் போதலும் உண்டு.

இந்நிலையிலேதான் சுவாமிகள் சிறுவர்பால் திரும்பினார். 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னர் ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபையிலே ஆசிரியராயிருந்தார். 1918ஆம் ஆண்டு மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். சிறுவர் கூட்டத்தை மக்கள் பாய்ஸ் கம்பெனி என்றனர். பெண் வேடமும் முதியோர் வேடமும் சிறுவரே புனைந்தனர். ஆறும் ஏழும் வயதுடைய பிள்ளைகளை வறிய பெற்றோர் அழைத்து வருவர். வாத்தியார் எதிரே பிள்ளை நின்று, தெரிந்த பாட்டொன்றைப் பாடிக் காட்டும். குரலும் முகமும் பிடித்துவிட்டால் அன்றே கம்பெனி வீட்டில் அதற்குப் பாயும் உணவும் உண்டு. பிடிக்காவிடின் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற முறையில் இவ்விடத்து எம் மனம் ஒப்பாத ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. இக்குழுக்களைக் குருகுலம் எனப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. குருகுலம்தான்; ஆனால் அதிலே பசி இருந்தது, பிரம்பு இருந்தது, தாயைப் பிரிந்த ஏக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் இரவெல்லாம் விழித்து ஆடிப் பகலில் உறங்கிய பிள்ளைகள் அவர்கள். சுவாமிகளும் கடுங் கோபத்தர். அவர் தலை கண்டால் சிறுவர் நடுங்கினர். எல்லாவற்றினும் கொடிது மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதிற் குரல் உடையும்போது, நேற்றுவரை சாவித்திரியாய்ப் பாடி ஆரவாரம் பெற்றவன் இன்று வாய் திறக்க நாணுவான். மீண்டும் குரல் எவ்வாறு அமையுமோ என்பதை எவரும் அறியார். தேறினால் இராஜபார்ட், தேறாவிடின் திரை இழுக்கும் வேலையோ, ஊருக்குப் போகும் வழியோ. நம் மாணவர் ஒரு பரீட்சையில் தவறினால் மறுமுறை எழுதலாம். அச்சிறுவர்க்கோ அத்தேர்வு ஒருமுறையே வரும். அதற்குப் படித்து ஆயத்தஞ் செய்யவும் இயலாது.

இக்குறைகளிடையே சுவாமிகள் செய்த நன்மை யாதெனின், குரலை மட்டும் நம்பாமல் மொழியை அவர்களுக்கு ஊட்டியதாம். அவர் நாடகங்களிலே திருக்குறட் கருத்தும் நீதிநூற் பொருளும் உரையாடலோடு விரவி வரும். எழுத்தறியாது வந்த சிறுவனும் அவற்றை நெட்டுருச் செய்து, பொருள் கேட்டு, லகர ளகர ழகரங்களைப் பிசகாமல் ஒலிக்கப் பழகினான். குரல் போனாலும் அத்தமிழ் அவனிடத்தே தங்கிற்று.

1918இல் மதுரைச் சபையிற் சேர்ந்த பிள்ளைகளுள் ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர் மூவரும் இருந்தனர்: சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்போர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. மழலை மாறாத அப்பிள்ளையைச் சுவாமிகள் சாவித்திரி நாடகத்தில் நாரதராக்கினார். சத்தியவானுடைய ஆயுள் ஓராண்டே என்னும் கொடுஞ்செய்தியை அரசவையில் வந்து உரைக்கும் வேடம் அது. பெரியோர் ஆடும்போது அந்த நாரதர் கலகக்காரராய்த் தோன்றுவர். ஆறு வயதுக் குழந்தையின் தெளிந்த குரலில் அதே செய்தி வரும்போது கேட்போர் நெஞ்சம் எவ்வாறு நடுங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உருவத்தைக் கண்டு வேடம் கொடுக்கும் பழைய முறை அவ்விடத்தே மாறிவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போனார் சுவாமிகள். கதாநாயகனாகச் சண்முகம் நடிப்பதற்கேற்ற நாடகம் அவரிடத்து இல்லை. அர்ச்சுனனும் கோவலனும் அவ்வுடலுக்குப் பொருந்தார். அதனால் அபிமன்யு கதையைத் தேர்ந்தார். கதைக்குரிய அம்மானை நூலொன்றை வருவித்து, இரவுணவு முடித்து, விளக்கின் முன் எழுத அமர்ந்தவர், பொழுது புலரும் முன்னே அபிமன்யு சுந்தரி நாடகத்தை முற்றுவித்தார். பாட்டும் வசனமுமாக ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடிக்கத்தக்கது அது. பிரதியிலே அடித்தலும் திருத்தலும் இல்லை. பிற்காலத்தில் சண்முகமே இதனை வியந்து பதிவு செய்துள்ளார். ஓரிரவில் எழுதிய விரைவையே யாவரும் வியப்பர். நாம் வியப்பது வேறு: வேடத்துக்குப் பையன் போதான் என அவனைத் தள்ளாமல், பையனுக்குப் போதிய வேடத்தைக் கவிஞர் ஆக்கிக் கொடுத்தாரே, அதனையே. ஆண்டுவிழா நாடகத்துக்கு மாணவரைத் தெரியும்போது உயரமானவனை அரசனாகவும் கட்டையனை விகடனாகவும் ஒரு நொடியில் தீர்த்துவிடும் எம்மனோர் இதனைச் சற்று நினைக்கலாம்.

சுவாமிகளின் பயிற்சி கடல் கடந்து நம் நாட்டுக்கும் பயன்பட்டது. செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா சிறு வயதில் அவரிடத்துப் பாடம் கேட்டவர். 1920களில் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையிலே இணைந்து நடித்தபோது மக்கள் திரண்டு வந்து கேட்டனர். அவ்விருவர்க்கும் பெரும் புகழ் தந்த வள்ளி திருமணம் சுவாமிகளின் நாடகமே. பின்னர் இல்லறத்திலும் இணைந்த அவர்களுடைய வாழ்வு நெடிது நீளவில்லை. 1933இல் கிட்டப்பா மறைந்தார். யாழ்ப்பாணத்திலோ, இந்தியக் குழுக்களிடமிருந்து கற்ற அண்ணாவிமார் அப்பாடங்களைத் தமக்குரியவாக்கி வளர்த்தனர். காங்கேசன்துறை வசந்தகான சபையின் நடிகமணி வைரமுத்து 1989இல் மறையுமளவும் அவ்விசை மரபை ஊர்தோறும் எடுத்துச் சென்றமையை நம்முள் மூத்தோர் கண்ணாரக் கண்டுள்ளனர்.

சுவாமிகளின் இறுதிக் காலம் துயர் மிக்கது. 1921இல் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. கை கால் வழங்கவில்லை, நாவும் அடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான நாவுகளுக்குத் தமிழ் பழக்கியவர் ஒரு சொல்லும் சொல்ல இயலாதவராய்த் தம் சபையோடு ஊரூராய் உடன் சென்றார். இல்லறம் புகாத அவர்க்கு அச்சிறுவரன்றி வேறு சுற்றம் இல்லை. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சபை புதுச்சேரியில் இருந்தபோது, தமது ஐம்பத்தைந்தாம் வயதில், உயிர் நீத்தார். கருவடிக்குப்பத்திலே அவர் சமாதி உள்ளது.

அவர் மறைந்து மூன்றாம் ஆண்டில், 1925இல், கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர் தமக்கெனத் தனிச் சபை கண்டனர். நாரதராய் முதன்முதல் மேடையேறிய சண்முகம் ஔவையாராய் நடித்துப் பெயர் பெற்றவர். ஔவை சண்முகம் என்றே தமிழுலகம் அவரை அழைத்தது. சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றி நூல் எழுதியவரும் அவரே. சுவாமிகளைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுட் பெரும்பகுதி, ஆறு வயதில் அவர் முன் நின்று பாடம் கேட்ட அப்பிள்ளையின் நினைவிலிருந்து வந்தவையே.