ஜார்ஜ் வாஷிங்டனும் அவர் மூதாதையர் ஊரும்

வாஷிங்டன் என்றவுடன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரமே நம் நினைவுக்கு வரும். அந்நகரத்துக்குத் தம் பெயரைத் தந்த ஜார்ஜ் வாஷிங்டன் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவருக்கு அப்பெயரைத் தந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆற்றுக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் அவ்வூரைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவர் அல்லர்.

இங்கிலாந்தில் வாஷிங்டன் என்னும் பெயருடைய பழைய ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று மேற்சொன்ன டர்ஹாம் பகுதியைச் சார்ந்தது. மற்றொன்று தெற்கே ஸஸெக்ஸில், குன்றுகளின் அடிவாரத்தில் இருப்பது. 'டன்' என்னும் ஈறு பழைய ஆங்கிலத்தில் வேலி சூழ்ந்த பண்ணையைக் குறித்து, பின்னர் அதைச் சுற்றி எழுந்த ஊரையும் குறிப்பதாயிற்று. நம் பாடி, பட்டி போல்வது எனலாம். அதற்கு முன் நிற்பது அப்பண்ணைக்கு உரியவனாயிருந்த ஏதோ ஒரு பழந்தலைவனின் பெயர். இரண்டு ஊர்களிலும் அத்தலைவர்கள் வெவ்வேறு ஆட்களே என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர் கொள்கை. ஆகவே பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டு ஊர்களுக்கும் உறவு இல்லை. நம் கதைக்கு உரியது டர்ஹாம் வாஷிங்டனே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹார்ட்பர்ன் என்னும் ஊரில் நிலம் உடையவராய் வில்லியம் என்பவர் ஒருவர் இருந்தார். ஊர்ப்பெயரையே தம் பெயரோடு சேர்த்து வழங்கினார். அவர் டர்ஹாம் ஆயரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஹார்ட்பர்னைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வாஷிங்டனைப் பெற்றார். 1183-ஆம் ஆண்டுக்குள் இம்மாற்று முடிந்துவிட்டது. ஊர் மாறியதும் அவர் பெயரும் மாறிற்று. அன்று அந்த மாற்று நிகழாதிருந்தால் அமெரிக்கர் இன்று தம் தலைநகரத்தை ஹார்ட்பர்ன் என்றே அழைத்துக்கொண்டிருப்பர்!

இப்படி ஊரோடு மாறி வந்த பெயர், பின்வந்த நூற்றாண்டுகளில் மாறாத குடிப்பெயராக இறுகிவிட்டது. அதன்பின் குடும்பத்தார் எந்த ஊர் சென்றாலும் வாஷிங்டன் என்றே அறியப்பட்டனர். இதில் நமக்கு வியப்பு ஏதும் இல்லை. பெயருக்கு முன்னே ஊரின் முதலெழுத்தை வைத்துக்கொள்வோர் நம்மிலும் உண்டு. வடநாட்டு அலுவலகப் படிவங்களில் குடிப்பெயருக்கென்று உள்ள கட்டத்தை நிரப்ப நேரும்போது, வேறு வழியின்றி அவ்வூர்ப் பெயரையே முழுவதும் எழுதிவிடுவோரும் நம் காலனியில் இருக்கின்றனர். பேரன் காலத்தில் அதுவே குடும்பப் பெயராய் நிலைத்துவிடும். அவன் அவ்வூர் மண்ணை மிதித்திராமலும் இருப்பான்.

வாஷிங்டன் குடும்பத்தின் ஒரு கிளை மேற்கே சென்று லங்காஷயரில் வார்ட்டன் என்னும் ஊரில் தங்கிற்று. அக்கிளையில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வாணிகத்தில் பொருள் ஈட்டி, நார்தாம்ப்டன் நகரத்தின் மேயராய் இருமுறை இருந்தார். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்ற காலத்தில், 1539-இல் சல்கிரேவ் என்னும் ஊரிலிருந்த நிலத்தை அவர் வாங்கி அங்கே மாளிகை எழுப்பினார். சில தலைமுறைகளுக்குள் அதுவும் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. பின்வந்தவர்களில் மற்றொரு லாரன்ஸ் வாஷிங்டன், கல்வியில் சிறந்து, எஸ்ஸெக்ஸில் பர்லி என்னும் ஊரின் திருச்சபைக் குருவானார். உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் மன்னன் பக்கம் நின்றார். 1643-இல் பாராளுமன்றத்தார் அவர்மீது குடிப்பழக்கக் குற்றம் சாட்டிப் பதவியினின்று நீக்கினர். குற்றம் உண்மையோ, மன்னனை ஆதரித்ததற்கு அது ஒரு சாக்கோ, நாம் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. குடும்பம் வறுமையுற்றது என்பது மட்டும் உறுதி.

அக்குருவின் மகன் ஜான் பிழைப்புத் தேடிப் புகையிலைக் கப்பலொன்றில் வேலைக்கு அமர்ந்து, 1656-57-இல் வர்ஜீனியா சென்றார். கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டிப் பழுதுற்றது. ஜான் திரும்பவில்லை, அங்கேயே மணம் புரிந்து, நிலம் பெற்று, குடியேறிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரரே ஜார்ஜ் வாஷிங்டன். மன்னனை ஆதரித்ததற்காகப் பதவி இழந்தவரின் வழியில், மன்னனை எதிர்த்துப் போர் நடத்தியவர் பிறந்தது வரலாற்றின் விந்தை.

ஜார்ஜ் 1732 பிப்ரவரி 22-இல் பிறந்தார். பிறந்த கோட்டத்தின் பெயர் வெஸ்ட்மோர்லண்ட். அதுவும் இங்கிலாந்திலிருந்து வந்த பெயரே. குடியேறியோர் சென்றவிடமெல்லாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களை நட்டுவைத்தனர். தந்தையார் அகஸ்டினும், மூத்தாள் மக்களாகிய தமையன்மாரும் கடல் கடந்து இங்கிலாந்தில் ஆப்பிள்பி பள்ளியில் பயின்றவர்கள். ஜார்ஜுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவருக்குப் பதினோரு வயதாகும்போதே, 1743-இல் தந்தையார் இறந்தார். விட்டுச்சென்ற சொத்தில் ஜார்ஜின் பங்காக ஒரு பண்ணையும் பத்து அடிமைகளும் கிடைத்தன. கல்லூரிக் கல்வி அவருக்கு இல்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மை கூறிய சிறுவன் என்று நம் பாடப் புத்தகங்களில் படித்தோமே, அது அவர் இறந்தபின் வீம்ஸ் என்னும் நூலாசிரியர் சேர்த்த கற்பனை. மெய்யான சிறுவன் தானே கணக்கும் நில அளவையும் பயின்று, பதினாறாம் வயதிலேயே சங்கிலியைத் தூக்கிக்கொண்டு காட்டு நிலங்களை அளக்கப் புறப்பட்டவன். கட்டுக்கதையைவிட இதுவே நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தது.

அவர் கடல் கடந்து சென்ற வெளிநாடு ஒன்றே: 1751-இல், நோயுற்ற தமையன் லாரன்ஸுக்குத் துணையாகச் சென்ற பார்படோஸ் தீவு. அங்கே அவருக்கு அம்மை கண்டு தழும்பும் நிலைத்தது. அடுத்த ஆண்டு லாரன்ஸ் இறந்தார். அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணை பின்னர் ஜார்ஜுக்கு உரியதாயிற்று. அதன் பெயரும் பிறரிடம் பெற்றதே. லாரன்ஸ் தாம் கீழ்ப்பணியாற்றிய கடற்படைத் தலைவர் வெர்னனின் நினைவாக அதை இட்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்களில் 1754, 1755 ஆண்டுகளில் அவர் கண்டவை பெரும்பாலும் தோல்விகளே. 1759-இல் மார்த்தா கஸ்டிஸ் என்னும் செல்வக் கைம்பெண்ணை மணந்து பண்ணையைக் கவனித்துவந்தார். பதின்மூன்று குடியேற்றங்களும் பிரிட்டனுக்கு எதிராய்க் கிளம்பியபோது, 1775 ஜூனில் படைத்தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. உணவும் உடையும் சம்பளமும் இல்லாத படையைக் கலைந்துபோகாமல் ஆறு ஆண்டுகள் பிடித்து வைத்திருந்ததே அவருடைய பெருஞ்செயல் என்பது என் எண்ணம். 1781 அக்டோபர் 19-இல், இங்கிலாந்தின் யார்க் நகர்ப் பெயரைத் தாங்கிய யார்க்டவுனில், பிரெஞ்சுக்காரரின் துணையோடு ஆங்கிலப் படையைச் சரணடையச் செய்தார். சரணடைந்த தளபதி நமக்கும் அறிமுகமானவரே, கார்ன்வாலிஸ் பிரபு. அவர் ஐந்தாண்டு கழித்துக் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாய் அமர்ந்தார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு வாங்கினார். அமெரிக்காவில் இழந்தவரே நம் சேலம், திண்டுக்கல் சீமைகளை ஆங்கிலேயர் கையில் சேர்த்தவர்.

போர் முடிந்ததும், 1783 டிசம்பரில், வாஷிங்டன் படைத்தலைமையைத் துறந்து பண்ணைக்குத் திரும்பினார். வெற்றி பெற்ற தளபதி வாளை ஒப்படைத்து வீடு திரும்புதல் அக்காலத்தில் அரிதினும் அரிது. 1789 ஏப்ரல் 30-இல் குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்றார். அக்காலத்தில்தான் மூதாதையர் ஊர் அவரைத் தேடிவந்தது.

லண்டனில் குடிவழிகளையும் குலச்சின்னங்களையும் பதிந்து காக்கும் அலுவலகத்தின் தலைவர் ஐசக் ஹேர்டு, 1791 டிசம்பரில் அவருக்குக் கடிதம் எழுதி, குடும்ப வரலாற்றை வேண்டினார். 1792 மே மாதம் வாஷிங்டன் விடை எழுதினார். இவ்விஷயத்தில் தாம் அதிகக் கவனம் செலுத்தியதில்லை என்றும், முதலில் வந்த மூதாதை இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து வந்ததாகக் கேள்வி என்றும், ஊர் இன்னதென்று தமக்குத் துணிபு இல்லை என்றும் தெரிவித்து, உறவினர்களிடம் கேட்டுத் திரட்டிய விவரங்களையும் அனுப்பினார். ஹேர்டு வகுத்த கொடிவழியில் பிழை நேர்ந்தது. பின்னாளில், 1889-இல், ஹென்றி வாட்டர்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் துருவிப் பர்லி குருவே ஜானின் தந்தை என்று நிறுவினார். பெயரை நாளும் கையொப்பமிட்டவருக்கு அப்பெயர் பிறந்த இடம் தெரியாது! எனினும், வெண்மையில் இரு செம்பட்டையும் மேலே மூன்று செவ்விண்மீனும் கொண்ட குடும்பச் சின்னத்தைத் தம் முத்திரையிலும் புத்தகச் சீட்டிலும் அவர் பதித்திருந்தார். அமெரிக்கக் கொடி அதிலிருந்து பிறந்தது என்று கூறுவோர் உண்டு. அதற்குச் சான்று இல்லை. தலைநகர்க்கென 1938-இல் ஏற்கப்பட்ட கொடியே அதனின்று எடுத்தது.

அதே 1791-இல், பொட்டோமாக் கரையில் எழவிருந்த புதிய தலைநகரத்துக்கு அதன் ஆணையர்கள் வாஷிங்டன் என்று பெயரிட்டனர். இடத்தைத் தெரிந்தவர் அவரே. ஆயினும் தம் பெயரால் அதை அழைக்கக் கூசி, கூட்டாட்சி நகரம் என்றே எழுதிவந்தார். அரசாங்கம் அங்குக் குடிபுகுந்தது 1800-இல். அதற்கு முந்திய ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாளே அவர் மறைந்தார்.

இவ்வளவு சிறப்பும் கூறிவிட்டு ஒன்றை மறைத்தல் முறையன்று. விடுதலைக்குப் போர் புரிந்த அப்பெரியார் தம் வாழ்நாள் முழுதும் அடிமைகளை உடையவராயிருந்தார். தலைநகரம் பிலடெல்பியாவில் இருந்தபோது, அம்மாகாணத்தில் ஆறு மாதம் தொடர்ந்து தங்கிய அடிமை விடுதலை பெறலாம் என்றிருந்தது. அவரோ கெடு முடியுமுன் அவர்களை வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். 1796-இல் தப்பியோடிய ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண்ணைத் திரும்பப் பிடிக்க ஆள் அனுப்பினார்; அவள் அகப்படவில்லை. இறக்கும் ஆண்டில் மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களில் தமக்கே உரிய 123 பேரும் மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலை பெறவேண்டும் என்று உயில் எழுதினார். மார்த்தா அதற்கு முன்னரே, 1801 ஜனவரி முதல் நாளில், அவர்களை விடுவித்தார். அந்நாட்டை நிறுவிய பெருந்தலைவர்களுள் இந்த அளவுகூடச் செய்தவர் மிகச் சிலரே. ஆயினும் மனைவியின் முதற் கணவர் வழியில் வந்தவர்களை விடுவிக்கும் உரிமை அவருக்கு இல்லாமையால் அவர்கள் அடிமைகளாகவே பங்கிடப்பட்டனர். ஒரே குடும்பத்தில் கணவன் விடுதலை பெற, மனைவியும் மக்களும் அடிமையாய் நின்ற கொடுமையும் நேர்ந்தது.

அவ்வடிமைகளுள் ஹாரி என்பவன் ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுப் பகுதியில் பிறந்தவன். 1776-இல் தப்பி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தான். போர் முடிந்தபின் நோவா ஸ்கோஷியா சென்று, 1792-இல் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினான். அங்கும் 1800-இல் வரிக்கொடுமையை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்து நாடு கடத்தப்பட்டான். ஏடுகளில் அவன் பெயர் ஹாரி வாஷிங்டன். டர்ஹாமின் ஒரு பண்ணைப் பெயர் ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தது இவ்வழியாகவே.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மக்கள் இல்லை. அடிமை முறை ஒழிந்தபின் குடிப்பெயர் தேடிய கறுப்பின மக்கள் பலர் அப்பெயரை ஏற்றனர். கல்வித் தொண்டர் புக்கர் வாஷிங்டன், சிறுவனாய்ப் பள்ளியில் பெயர் கேட்டபோது, தம் மாற்றாந்தந்தையின் பெயரான வாஷிங்டன் என்பதையே குடிப்பெயராகக் கூறினார். 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்பில் அக்குடிப்பெயர் உடையோர் 1,63,036 பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்களே.

டர்ஹாம் ஊரில் இருந்த பழைய மாளிகை 1613-இல் ஆயரின் கைக்குப் போய், காலப்போக்கில் ஏழைக் குடும்பங்கள் பல ஒண்டியிருக்கும் ஒட்டுக்குடியாயிற்று. 1936-இல் வாழத் தகுதியற்றதென்று இடிக்க முற்பட்டனர். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்னின்று பொருள் திரட்டிக் காத்தார். செப்பனிட்ட மாளிகையை 1955-இல் அமெரிக்கத் தூதர் திறந்துவைத்தார். சுரங்கத் தொழிலாளர் ஊராயிருந்த வாஷிங்டன் 1964-இல் புதுநகரமாய் விரிந்தது. 1977-இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் நேரில் வந்து அங்கு ஒரு மரம் நட்டார்.