இருட்டில் பேசிய மத்தாப்பு



கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் தாண்டி, குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் இரவு நேரத்தில் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நான் ஆசிரியராக இருந்தபோது, ஒருமுறை தேக்கடிக்குச் சுற்றுலா போய்விட்டுத் திரும்பினோம். வழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எங்கள் வேன் நின்றுவிட்டது. வேனின் விளக்குகளும் எரியவில்லை. பிள்ளைகளை இறக்கிப் பாறை ஓரமாக நிற்க வைத்தேன். டிரைவர் என்னிடமிருந்த டார்ச் லைட்டை வாங்கி மேலும் கீழும் ஆட்டினார். மேலேயிருந்து வந்த ஜீப்காரர், யாரோ நடந்து போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வேகத்தைக் குறைக்காமல் வேனை உரசுவதுபோலப் போய்விட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது!

அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, டார்ச்சின் கண்ணாடி மேல் சுற்றினாள். வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் அடுத்து வந்த லாரி தூரத்திலேயே மெதுவாகி நின்றது.

வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு அது என்ன சொல்கிறது என்று புரியவில்லை. சிவப்பைப் பார்த்தவருக்கு உடனே புரிந்தது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகவே பல ஆண்டுகள் பாடுபட்ட ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் கொண்டிருக்கும் பென்னிகுயிக் கதை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் வாழ்ந்த அதே காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்தவர் இவர். பெயர் மார்த்தா காஸ்டன்.

மார்த்தா 1826-ம் ஆண்டு பால்டிமோர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிள்ளைகளுடன் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பெஞ்சமின் பிராங்க்ளின் காஸ்டன் என்ற இளைஞரைச் சந்தித்து, பள்ளிப் பருவம் முடியும் முன்பே மணந்துகொண்டார். (இந்த விஷயத்தில் மட்டும் மார்த்தாவைப் பின்பற்றாதீர்கள், ஆமாம்!) பெஞ்சமின் பெரிய கெட்டிக்காரர். இளம் வயதிலேயே அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். ராக்கெட்டுகள், வெடிமருந்து என்று இரவு பகலாகச் சோதனைகள் செய்தார். பிறகு சம்பள விஷயத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு, பாஸ்டன் நகரில் எரிவாயு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இரண்டு இடங்களிலும் சுவாசித்த ரசாயனப் புகை அவர் உடலைக் கெடுத்துவிட்டது. 1848 நவம்பரில் இறந்துபோனார்.

அப்போது மார்த்தாவுக்கு 21 வயதுதான். கையில் நான்கு குழந்தைகள். துயரம் அதோடு நிற்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய தாயும், குழந்தைகளில் இருவரும் இறந்தார்கள். கையிலிருந்த பணமும் கரைந்துவிட்டது.

விற்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று ஒருநாள் கணவரின் காகிதங்களைப் புரட்டியபோது, சில குறிப்புகள் கண்ணில் பட்டன. இரவில் கப்பலுக்குக் கப்பல் செய்தி சொல்ல, நிற நிறமாக எரியும் மத்தாப்புகள் செய்வது பற்றிய குறிப்புகள் அவை.

அது ஏன் பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் வயர்லெஸ் கிடையாது. பகலில் கப்பல்கள் கொடிகளை ஏற்றிப் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு கொடிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பொருள் என்ன என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் கொடி தெரியாதே! லாந்தர் விளக்கை ஆட்டினால், எங்கள் வேன் டிரைவர் டார்ச்சை ஆட்டிய கதைதான்.

மார்த்தா ஆவலோடு அந்த மத்தாப்புகளைக் கடற்படையிடம் கொடுத்தார். சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் உருப்படவில்லை. கணவர் எழுதி வைத்தது யோசனைதானே தவிர, முழுச் செய்முறை அல்ல. மார்த்தாவோ வேதியியல் படித்தவர் அல்லர். வேறொருவராக இருந்தால் காகிதங்களை அடுப்பில் போட்டிருப்பார்கள். அவர் வேதியியல் தெரிந்தவர்களையும் வாணவேடிக்கைக்காரர்களையும் கூலிக்கு அமர்த்தி, கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் சோதனை செய்துகொண்டே இருந்தார்.

வெள்ளையும் சிவப்பும் கைகூடின. மூன்றாவது நிறம்தான் வழிக்கு வரவில்லை. 1858-ம் ஆண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதன்முதலாகத் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். அதைக் கொண்டாட நியூயார்க் நகரில் வாணவேடிக்கை நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மார்த்தாவுக்கு, வாணக்காரர்களிடம் பளிச்சென்ற நீல நிறம் கிடைக்குமே என்று தோன்றியது. உடனே பல வாணக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். பெண் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று ஆண் பெயரில் எழுதினார்! வேடிக்கை என்னவென்றால், அந்தத் தந்திக் கம்பி சில வாரங்களிலேயே பழுதாகிவிட்டது. அதற்காக விட்ட வாணங்களோ மார்த்தாவுக்கு வழி காட்டிவிட்டன.

நீலம் கேட்டவருக்குக் கடைசியில் கிடைத்தது பச்சை. நெடுந்தொலைவுக்குத் தெரியும்படி பிரகாசமாக எரியும் நீல மத்தாப்பு செய்வது இன்றைக்கும் சிரமம். நீலம் தரும் தாமிரச் சேர்மங்கள் அதிக வெப்பத்தில் சிதைந்துவிடும். பச்சை தரும் பேரியமும் சிவப்பு தரும் ஸ்ட்ரான்ஷியமும் அவ்வளவு மோசமில்லை.

ஆக, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று நிறங்கள். இவற்றைத் தனியாகவும், அடுத்தடுத்து வரிசை மாற்றியும் எரித்தால் எத்தனை அடையாளங்கள் கிடைக்கும்? பென்சிலை எடுங்கள்! ஒரே நிறம் என்றால் 3. இரண்டு நிறங்கள் முன்னும் பின்னுமாக என்றால் 6. மூன்றையும் வரிசை மாற்றினால் இன்னும் 6. மொத்தம் 15. மார்த்தாவுக்குத் தேவைப்பட்டவை 12 அடையாளங்கள்தான். 0 முதல் 9 வரை எண்கள், இரண்டு எழுத்துகள். அவ்வளவுதான்! பகலில் கொடிகள் பேசிய அதே எண் மொழியை இரவில் மத்தாப்புகளும் பேச ஆரம்பித்துவிட்டன.

1859 ஏப்ரல் 5 அன்று இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதில் கண்டுபிடித்தவர் பெயர் பெஞ்சமின் காஸ்டன் என்றிருந்தது. மார்த்தா, இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர் மட்டும்தான். பத்து வருட உழைப்புக்கு இதுவா பெயர் என்று எனக்கு இப்போது நினைத்தாலும் ஆதங்கமாக இருக்கிறது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. கடற்படைக்கு இந்த மத்தாப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. மார்த்தா உரிமைக்கு 40,000 டாலர் கேட்டார். அரசு 20,000 கொடுத்தது. போர்க்காலத்தில் விலைவாசி ஏறியபோதும், அடக்க விலைக்கும் குறைவாகவே மத்தாப்புகளைச் செய்து அனுப்பினார். போர் முடிந்ததும், தனக்கு 1,20,000 டாலர் வரவேண்டும் என்று கணக்குக் காட்டினார். அரசு தர முன்வந்தது 15,000 மட்டுமே. பல ஆண்டுகள் படியேறியும் பலனில்லை.

அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. மத்தாப்பைத் திருகினால் தானே பற்றிக்கொள்ளும் வசதியைச் செய்தார். புயல் காற்றில், நனைந்த கையோடு தீக்குச்சி கிழித்துக்கொண்டிருக்க முடியுமா? 1871-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்த முறை அவருடைய சொந்தப் பெயரிலேயே!

அமெரிக்கக் கடற்கரை ஓரமாக அப்போது உயிர்காப்பு நிலையங்கள் இருந்தன. அங்கிருந்த காவலர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து ரோந்து வருவார்கள். அவர்கள் கையில் காஸ்டன் சிவப்பு மத்தாப்பு இருக்கும். கரையை நெருங்கும் கப்பல் தெரிந்தால் அதைக் கொளுத்துவார்கள். ஆபத்து, விலகிப் போ என்று அதற்குப் பொருள். ஏற்கெனவே தரைதட்டி உடைந்த கப்பலில் இருப்பவர்களுக்கோ, உங்களைப் பார்த்துவிட்டோம், உதவி வருகிறது என்று பொருள். நடுக்கடலில் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவர் அந்தச் சிவப்பைக் கண்டால் எப்படி இருந்திருக்கும்! இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் ஏராளம்.

மார்த்தா 1886-ல் தன் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 1904-ல் காலமானார். 2006-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரும் சேர்ந்தது.

அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1912-ல், டைட்டானிக் கப்பல் மூழ்கியது அல்லவா? அது மூழ்கும்போது வெள்ளை ராக்கெட்டுகளை வானில் விட்டது. அருகிலிருந்த கலிபோர்னியன் என்ற கப்பலில் இருந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். ஆனால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலைத் திருப்பவும் இல்லை. 1,500 பேர் வரை இறந்துபோனார்கள்.

இப்போது ஆபத்துக்குச் சிவப்பு என்பது உலகக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான விதி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனால், பெரிய கப்பல்களின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிற உயிர்காக்கும் படகுகள் தொங்குவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு படகுக்குள்ளும் கையில் பிடித்து எரிக்கும் சிவப்பு மத்தாப்புகள் 6 இருக்கும்.