பனித்துகளிடம் பாடம் கேட்ட நகாயா

ஒரு பனித்துகளின் வடிவத்தைப் பார்த்தே அது உருவான மேகத்தின் குளிரையும் ஈரத்தையும் கணிக்க முடியும் என்று நிரூபித்தவர் உகிச்சிரோ நகாயா. வசதி இல்லாததால் ஆய்வு செய்ய முடியவில்லை என்று வருந்தும் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் வரலாறு இவருடையது.

1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் அவர் பிறந்தார். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு அந்தக் கரையோரத்தில் பனியாகக் கொட்டும். தோக்கியோவில் இயற்பியல் பயின்று, லண்டனிலும் ஆய்வு செய்த நகாயா, 1930இல் சப்போரோவிலுள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார்.

அதுவரை அவர் செய்துவந்த ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் அங்கே இல்லை. ஆனால், வாசலில் பனி குவிந்து கிடந்தது. அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். தொக்காச்சி மலையின் கடுங்குளிரில் நுண்ணோக்கியோடு நின்று ஏறத்தாழ 3,000 பனிப்படிகங்களைப் படமெடுத்து வகைப்படுத்தினார். நட்சத்திரம், ஊசி, தட்டு, தூண் என வடிவங்கள் பல. ஏன் இத்தனை வேறுபாடு?

விடை காண, பனியைத் தாமே உருவாக்க முனைந்தார். குளிரறையில் நூலைத் தொங்கவிட்டால் அதன் மீது முழுவதும் உறைபனிதான் படிந்தது. முயல் முடியைப் பயன்படுத்தியபோது, அதன் நுனியில் தனிப்படிகம் வளர்ந்தது. 1936 மார்ச் 12ஆம் நாள், உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகம் பிறந்தது.

அவ்வாண்டே கடும் நோய்க்கு ஆளாகி, ஈஸு தீபகற்பத்தில் நீண்ட காலம் ஓய்வெடுக்க நேர்ந்தது. அப்போதும் பனியை அவர் மறக்கவில்லை. 1938இல் பொதுமக்களுக்காகப் பனி பற்றிய நூலை வெளியிட்டார். 1941இல் ஜப்பான் கல்விக்கழகப் பரிசு பெற்றார்.

அவருடைய முடிவுகளை நாம் இன்று நகாயா வரைபடம் என்கிறோம். வெப்பநிலையும் நீராவியின் அளவும் சேர்ந்தே வடிவத்தை முடிவு செய்கின்றன. ஈரம் போதிய அளவு இருந்தால், சுழியத்திற்குக் கீழ் 5 பாகையில் ஊசிகள் வளரும். 15 பாகையை ஒட்டி, கிளைவிட்ட நட்சத்திரங்கள் தோன்றும்.

இதில் என்ன பயன் என்று கேட்கலாம். நட்சத்திரப் படிகங்கள் ஒன்றின் மேல் ஒன்று இடைவெளிவிட்டு அடுக்கப்படும். ஊசிகள் நெருங்கிப் படியும். ஆகவே, ஒரே அளவு நீர் பனியாக விழுந்தாலும் தரையில் சேரும் உயரம் மாறும். நாளை எத்தனை சென்டிமீட்டர் பனி குவியும், பள்ளியை மூடலாமா, சாலைக்கு எத்தனை வண்டிகள் அனுப்பலாம் என்று முடிவெடுக்கும் ஊர்களில், முன்னறிவிப்பாளர்கள் மேகத்தில் அந்த 15 பாகைப் பகுதி எங்கே இருக்கிறது என்று இன்றும் பார்க்கிறார்கள்.

1962 ஏப்ரல் 11ஆம் நாள் நகாயா மறைந்தார். அவர் பிறந்த ஊரில், அறுகோணக் கோபுரங்களோடு ஓர் அருங்காட்சியகம் அவர் பெயரில் நிற்கிறது.

நம் ஊரில் பனி பெய்வதில்லை. ஆனால், பிற்பகல் இடிமழை இருக்கிறது, புகைமூட்டம் இருக்கிறது. அடுத்த அறிவியல் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் முதலில் சன்னலைத் திறந்து பார்க்கலாம் என்பதே என் கருத்து.