கண்காணா வெப்பத்தை அளந்த லாங்லி

புகழ் இருவகைத்து. ஒருவர் செய்யும் செயலைக் கண்ட அளவில் ஊரார் ஆரவாரித்துப் போற்றும் புகழ் ஒன்று. ஓசையின்றிச் செய்து வைத்த பணி, செய்தவர் மறைந்த பின்னரும் உலகுக்குப் பயன் தந்து நிற்பதனால் வரும் புகழ் மற்றொன்று. முன்னையது நாடிச் சென்றாலும் சில வேளைகளில் கைகூடாது. பின்னையதோ நாடாமலே வந்து நிலைபெறும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது, அமெரிக்க நாட்டு வானியல் அறிஞராகிய சாமுவேல் பியர்பான்ட் லாங்லியின் வாழ்க்கை.

இளமை

லாங்லி 1834ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்போடு அவருடைய முறையான கல்வி நின்றுவிட்டது. கல்லூரியில் சேர்ந்து அவர் பட்டம் பெற்றாரில்லை. ஆயினும் அறிவு வேட்கை அவரை விடவில்லை. கட்டடக் கலையும் பொறியியலும் பயின்று, சிக்காகோ, செயின்ட் லூயிஸ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். பின்னர் ஊருக்குத் திரும்பித் தம் தம்பியுடன் சேர்ந்து, கண்ணாடியைத் தம் கையாலேயே தேய்த்து மெருகிட்டுத் தொலைநோக்கி ஒன்றை அமைத்தார். ஒரு வளைவு சரியாக அமையும்வரை பலகால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த அப்பொறுமையே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று.

காலத்தைத் தந்தியில் அனுப்புதல்

1867ஆம் ஆண்டில் லாங்லி, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலெகெனி வானாய்வுக் கூடத்தின் தலைவரானார். அங்கே நல்லதொரு தொலைநோக்கி இருந்தது. ஆனால், அதனைப் பயன்படுத்தத் தேவையான பிற கருவிகளும் பொருளும் இல்லை. இக்குறையை நீக்க லாங்லி ஒரு வழி கண்டார்.

அந்நாளில் அமெரிக்காவில் ஊர்தோறும் வேறு வேறு நேரம் வழங்கிவந்தது. ஒரே இருப்புப் பாதையில் ஓடும் வண்டிகளின் கடிகாரங்கள் முரண்பட்டால் விபத்து நேர்வது எளிது. லாங்லி விண்மீன்களை நோக்கித் தம் கூடத்துக் கடிகாரத்தைத் திருத்தினார். அதன் துடிப்பைத் தந்திக் கம்பி வழியே தொலைவில் உள்ள புகைவண்டி நிலையங்கட்கு நாள்தோறும் அனுப்பினார். 1869ஆம் ஆண்டில் பென்சில்வேனியா இருப்புப்பாதைக் கழகம் இவ்வுதவியைப் பொருள் கொடுத்துப் பெறத் தொடங்கியது. ஓரிடத்தில் அளந்ததனை மற்றோரிடத்தார் இருந்தபடியே அறியும் இவ்வேற்பாட்டினால் பயணிகள் பாதுகாப்புப் பெற்றனர். கூடமும் வளம் பெற்றது.

மெல்லிய இழையின் வல்லமை

ஞாயிற்றின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது ஏழு நிறங்களாகப் பிரியும். சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் உண்டு. அவற்றின் அளவை நிறந்தோறும் கதிர்தோறும் பகுத்து அறிய லாங்லி விரும்பினார். ஆனால், அன்று வழங்கிய கருவிகள் அத்துணை நுண்மையான வெப்பத்தை உணரும் ஆற்றல் உடையன அல்ல. எனவே, புதிய கருவி ஒன்றைப் படைக்க அவர் முனைந்தார்.

உலோகம் சூடேறினால் அதன் வழியே மின்சாரம் பாய்வதற்குள்ள தடை மிகும். இது முன்னரே அறிந்த உண்மை. பருமனான உலோகம் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். மெல்லிய உலோகமோ கதிர் பட்டவுடன் சூடேறி, அது நீங்கியவுடன் குளிர்ந்துவிடும். ஆதலால் லாங்லி பிளாட்டினத்தை மிக மெல்லிய இழையாக்கி, அதன்மேல் விளக்குக் கரி பூசினார். கரிய பொருள் வெப்பத்தை நன்கு ஏற்கும் அன்றோ?

இத்தகைய இழைகள் இரண்டு. ஒன்று கதிர் படுமாறு வெளியே இருக்கும். மற்றொன்று கதிர் படாதவாறு மறைந்திருக்கும். இவ்விரண்டும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போல ஒரு மின்சுற்றில் எதிரெதிரே அமைந்தன. அறையின் வெப்பம் ஏறினும் இறங்கினும் இரண்டு இழைகளும் ஒருங்கே மாறுதலின், சமநிலை குலையாது. கதிர் ஓர் இழைமேல் மட்டும் படும்போது சமநிலை கெடும். மின்னோட்டத்தைக் காட்டும் கருவி உடனே அசையும். அவ்வசைவைக் கொண்டு வெப்பத்தைக் கணக்கிடலாம். இக்கருவிக்குப் போலோமீட்டர் என்று பெயர். 1880ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இது, ஒரு பாகையின் நூறாயிரத்தில் ஒரு பங்கு வெப்ப மாற்றத்தையும் உணர்ந்தது.

மலை உச்சியில்

ஞாயிற்றின் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்று மண்டலம் உண்டுவிடுகின்றது. அப்பகுதி எவ்வளவு? இதனை அறிய 1881ஆம் ஆண்டில் லாங்லி, கலிபோர்னியாவில் 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரமுடைய விட்னி மலைக்குச் சென்றார். மென்மையான கருவிகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிச் சென்று, மலையடிவாரத்திலும் மலைமேலும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார். அதுவரை ஒருவரும் அறியாத வெப்பக் கதிர்ப் பகுதிகள் அவர் கருவியில் புலனாயின.

ஆயினும், ஞாயிற்றிலிருந்து புவிக்கு வரும் வெப்பத்தின் மொத்த அளவை அவர் உண்மையினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டுவிட்டார். அவருடைய உதவியாளராக இருந்த ஆபட் என்பவரே பிற்காலத்தில் அதனைத் திருத்தினார். திருத்துவதற்கு உதவியதும் லாங்லி வகுத்த வழியும் கருவியுமே ஆகும்.

திங்களிலிருந்து வரும் மிகச் சிறிய வெப்பத்தையும் அவர் அளந்தார். சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ், 1896ஆம் ஆண்டில் அவ்வளவைகளைக் கொண்டே, காற்றில் கரியமிலவாயு மிகுந்தால் புவியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டார்.

பறக்கும் முயற்சி

1887ஆம் ஆண்டில் லாங்லி, வாஷிங்டன் நகரில் உள்ள ஸ்மித்சோனியன் கழகத்தின் செயலாளராகிய உயர்பதவியை ஏற்றார். அவர் உள்ளம் வானில் பறக்கும் கலையையும் நாடியது. 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அவர் அமைத்த ஆளில்லாத நீராவி வானூர்தி பொடோமக் ஆற்றின்மேல் 3,000 அடிக்கு மேல் பறந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்த அரசினர், ஆளை ஏற்றிச் செல்லும் ஊர்தி ஒன்றை அமைக்க 50,000 டாலர் வழங்கினர்.

சிறிய ஊர்தியைப் பெரிதாக்கினால் போதும் என்று லாங்லி எண்ணினார். அவ்வெண்ணம் பொய்த்தது. 1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும் ஊர்தி ஏவப்பட்டது. இருமுறையும் ஆற்றில் வீழ்ந்தது. அதனைச் செலுத்திய மான்லி என்பார் உயிர் பிழைத்தார். ஏவும் பொறியே குற்றமுடையது என்றார் லாங்லி. ஊர்தியின் உடலே வலிவற்றது என்றனர் பிறர். செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. மேலும் பொருள் தர அரசினர் மறுத்தனர். இரண்டாம் வீழ்ச்சி நிகழ்ந்த ஒன்பதாம் நாள், ரைட் உடன்பிறந்தார் வானில் பறந்து வெற்றி கண்டனர். அவர்களுள் ஒருவராகிய வில்பர், 1899ஆம் ஆண்டில் பறத்தலைப் பற்றிய நூல்களை வேண்டி எழுதியபோது, அவற்றை அனுப்பி உதவியது லாங்லி தலைமை தாங்கிய கழகமே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இகழ்ச்சி அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் லாங்லி இயற்கை எய்தினார்.

நிலைத்த புகழ்

ஆற்றில் வீழ்ந்த ஊர்தியைக் கண்டு நகைத்தவர்கள், மெல்லிய பிளாட்டின இழையை நினைத்தாரில்லை. ஆனால், அவ்விழையின் வழிவந்த கருவிகள் உலகெங்கும் பரவின. வனேடியம் ஆக்சைடு போன்ற பொருள்களின் மென்படலங்கள் சிறு சில்லின்மேல் பல்லாயிரக் கணக்கில் அமைந்து, இருளிலும் புகையிலும் வெப்ப உருவைக் காட்டுகின்றன. புகை சூழ்ந்த இல்லத்துள் சிக்கிய மனிதரைத் தீயணைப்போர் காண அவை உதவுகின்றன. 2009ஆம் ஆண்டில் ஏவப்பட்ட பிளாங்க் என்னும் விண்கலம், போலோமீட்டர்களைச் சுமந்து புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்றது. விண்வெளி எங்கும் நிறைந்துள்ள பழம்பெருங்கதிரின் மிகச் சிறிய வேறுபாடுகளை அளந்து, அவ்வளவைகளை வானொலி அலைகளால் புவிக்கு அனுப்பியது. அலெகெனியில் தந்திக் கம்பியின் வழியே காலத்தை அனுப்பிய லாங்லி அதனைக் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

ஒரு முயற்சியில் தோல்வியுற்றவரை முற்றும் தோற்றவர் என்று கருதுதல் பேதைமை. ஆரவாரம் சூழ்ந்த பெரிய ஊர்தி, கண்டோர் நகைக்க நீரில் ஆழ்ந்தது. யாரும் காணா அறையில் பொறுமையுடன் செய்த சிறிய இழையோ உலகையே அளந்தது. செயலின் பெருமை அதன் உருவத்தில் இல்லை; உண்மையை நாடிச் செய்யும் உழைப்பில் உள்ளது என்பதனை லாங்லியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.