பின்னோக்கி ஓடிய சாம்பியன்



குத்துச்சண்டை என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது முகமது அலியும் மைக் டைசனும்தான். அவர்களுக்கு ரொம்ப காலம் முன்பே உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் டன்னி. அவர் பட்டம் வென்ற கதையை மட்டும் சொல்வதற்காக நான் பேனா எடுக்கவில்லை. பட்டத்தைத் துறந்த பிறகு, தன் நாட்டுக் கடற்படைக்கே உடற்பயிற்சி இயக்குநராக இருந்து அவர் பார்த்த வேலைதான் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதையை உண்டாக்கியது.

1897-ஆம் ஆண்டு மே 25-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கப்பல் கம்பெனியில் சாதாரண எழுத்தராகச் சேர்ந்தார் டன்னி. முதல் உலகப் போர் வந்தபோது மரைன் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். 1919-ல் பாரிசில் அங்கிருந்த அமெரிக்கப் படையினருக்குள் நடந்த போட்டியில் லைட் ஹெவிவெயிட் பட்டம் அவருக்குக் கிடைத்தது. பட்டாளத்தில்தான் ஷேக்ஸ்பியர் நாடகங்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடம் விட்டுப்போனதைப் புத்தகத்தில் தேடி எடுத்துக்கொண்டார்.

1922-ல் ஹாரி கிரெப் என்பவரிடம் செம அடி வாங்கினார். முதல் ரவுண்டிலேயே மூக்கு உடைந்தது. ரத்தம் கொட்டக் கொட்ட 15 ரவுண்டும் நின்றார், தோற்றார். படுக்கையில் கிடந்தபடியே, கிரெப் எப்படி நகர்கிறார், எங்கே இடம் கொடுக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். அடுத்த ஆண்டே அதே கிரெப்பை வென்றார். நம்ம பாஷையில் சொன்னால், ஒரே ஒரு அரியர் விழுந்தது, அடுத்த வருஷமே கிளியர் பண்ணிவிட்டார். தொழில்முறை வாழ்க்கையில் அவருக்கு அது ஒன்றுதான் தோல்வி.

அந்தக் காலத்து உலக சாம்பியன் ஜாக் டெம்ப்சி. அடித்தால் எதிராளி எழுந்திருக்க மாட்டான் என்று பேர் வாங்கியவர். டன்னி அவருடைய சண்டைப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, நாம் ஒரு மெஷினைக் கழற்றிப் பார்ப்பது போல ஒவ்வொரு அசைவையும் பிரித்துப் படித்தார். டெம்ப்சி பாய்ந்து வரும்போது விலக வேண்டுமே என்று, தினமும் பின்னோக்கி ஓடிப் பழகினார். பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். 1926 செப்டம்பர் 23-ல் பிலடெல்பியாவில், கொட்டும் மழையில், சுமார் 1,20,000 பேர் பார்க்க, பத்து ரவுண்டுகளில் டெம்ப்சியைப் புள்ளிக் கணக்கில் வீழ்த்தினார்.

அடுத்த ஆண்டு சிகாகோவில் மறுபடியும் மோதினார்கள். ஏழாவது ரவுண்டில் டன்னி கீழே விழுந்தார். எதிராளியை விழவைத்தவர் தள்ளியிருக்கும் மூலைக்குப் போய் நின்றால்தான் நடுவர் எண்ண ஆரம்பிப்பார் என்பது விதி. டெம்ப்சி உடனே போகவில்லை. அதனால் எண்ணுவது தாமதமானது. ஒன்பது எண்ணியதும் டன்னி எழுந்தார், மொத்தம் சுமார் 14 விநாடி ஆகியிருந்தது. அது சரியா, தப்பா என்று இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு. ஆனால் எழுந்த பிறகு அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? பின்னோக்கி ஓடிப் பழகிய அந்தக் கால்கள்தான்! டெம்ப்சி துரத்தத் துரத்த பிடி கொடுக்காமல் விலகி, தெளிந்து, அந்தச் சண்டையையும் ஜெயித்தார்.

1928-ல் இன்னொரு வெற்றியோடு, சாம்பியனாக இருக்கும்போதே ஓய்வு பெற்றார். அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசினார். பெர்னார்ட் ஷாவுக்கு நெருங்கிய நண்பரானார். குத்துச்சண்டைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் சட்டை செய்யவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை அவரை அழைத்து, உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பாக வைத்தது. வர்ஜீனியாவில் உள்ள நார்ஃபோக்கில் பயிற்றுநர்களைத் தயார் செய்து, பல முகாம்களுக்கும் அனுப்பினார். பயிற்சியாளர்களையும் விளையாட்டு வீரர்களையும் நேரடியாக உயர்ந்த பதவியில் எடுத்ததால், வருஷக்கணக்கில் கப்பலில் உழைத்த பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். பெரிய சண்டை இன்னொன்றில் வந்தது. விமானப் பிரிவில் பயிற்சியை நடத்திய டாம் ஹாமில்டன், கால்பந்து போன்ற போட்டி விளையாட்டுகள்தான் போர்க்குணத்தை வளர்க்கும் என்றார். டன்னி ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவனும் தினமும் செய்யும் உடற்பயிற்சிதான் முக்கியம் என்பது அவர் கட்சி. சிகரெட் பிடிப்பதையும் எதிர்த்து எழுதினார். பட்டாளத்தில் இது பேர் வாங்கித் தரும் பேச்சா, நீங்களே சொல்லுங்கள்!

ஹாமில்டன் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். ஒரு டீமாகச் சேர்ந்து ஆடுவதில் கிடைக்கும் ஒற்றுமை தண்டால் எடுப்பதில் கிடைக்காது. ஆனாலும் என் ஓட்டு டன்னிக்குத்தான். கப்பல் மூழ்கும்போது கடல் யார் சாம்பியன் என்று பார்த்து விடுவதில்லை. டீமில் இடம் கிடைக்காத ஒல்லிப் பையனும் நீந்தியாக வேண்டும். உலகமே கொண்டாடிய ஒரு வீரர், அந்த ஒல்லிப் பையனுக்காகப் பேசினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு விசேஷம். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போகாமல் தப்பித்தார் என்று பழி சுமந்தவர் டெம்ப்சி. கோர்ட்டு 1920-ல் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தும் பேச்சு ஓயவில்லை. இரண்டாவது போரில் அவர் கடலோரக் காவல் படையில் சேர்ந்து, புரூக்ளினில் உள்ள பயிற்சி நிலையத்தில் இளைஞர்களுக்கு உடற்பயிற்சி இயக்குநராக இருந்தார். ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தப் பார்த்த இருவரும் கடைசியில் ஒரே வேலையில்! இருவரும் நல்ல நண்பர்களாகவும் இருந்தார்கள்.

1978 நவம்பர் 7-ல், தமது 81-ஆவது வயதில் டன்னி காலமானார்.

நண்பர்களே, நம்ம காலேஜ் கிரிக்கெட் டீமில் 11 பேர் ஆடுகிறார்கள். மீதி நாமெல்லாம் மர நிழலில் உட்கார்ந்து கைதட்டுகிறோம். டன்னி நமக்குப் பி.டி. மாஸ்டராக வந்திருந்தால், அந்த 11 பேரை அப்படியே விட்டுவிட்டு, மர நிழலில் இருக்கும் நம்மைத்தான் முதலில் எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பார். அதுவும் பின்னோக்கி!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்