அண்ணல் படித்த இரண்டு படிப்புகள்

பிளஸ் 2 முடிவுகள் வந்துவிட்டன. காளவாசல் சந்திப்பில் செக்கானூரணி, உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நிற்கும் மாணவர்கள் பலரின் கையில் இப்போது சான்றிதழ் உறை இருக்கிறது. அப்படி நின்ற ஒரு மாணவி கடந்த வாரம் நம்மிடம் யோசனை கேட்டார். அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண். பி.எஸ்சி. வேதியியலில் இடம் கிடைக்கும். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறார். பள்ளி ஆசிரியர்கள் வேதியியல் எடுக்கச் சொல்கிறார்கள். ஊரில் உள்ள அண்ணன்மார்களோ, அம்பேத்கர் சட்டம் படித்தார், நீயும் சட்டமே படி என்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி வேலை செய்பவர்கள். மூன்று ஆண்டா, ஐந்து ஆண்டா என்பதே அவர்களுடைய கவலை.

சூளைக்கு நம் பக்கத்துப் பெயர் காளவாசல். நாம் நின்று பேசிய சந்திப்பின் பெயரும் அதுதான். மண் குழைத்து, கல் அறுத்து, சூளை அடுக்கிப் பிழைக்கும் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது சின்னக் கேள்வி இல்லை. பிடிக்காத பாடத்தில் சேர்ந்து ஓராண்டு வீணானால், மறுபடி தொடங்க வீட்டில் பணம் இருக்காது.

அண்ணல் அம்பேத்கர் சட்டம் படித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் முதலில் தேர்ந்தெடுத்தது சட்டம் இல்லை, பொருளாதாரம். இரண்டையும் அவர் எப்படி, எந்தக் காலத்தில், யார் பணத்தில் படித்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் நம் மாணவர்களுக்கு உதவும் என்று இந்த வாரம் எழுதுகிறோம்.

மறுக்கப்பட்ட பாடம்

பீமாராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட மகர் சமூகம். சதாராவில் பள்ளிக்குப் போனபோது சிறுவன் தன் சாக்குத் துணியைத் தானே கொண்டுபோய் விரித்து உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இந்தத் தண்ணீர்க் கதையை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பவும் வருகிறது.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. மகன் கேட்கும் புத்தகத்தை வாங்கித் தர ராம்ஜி, மணமாகிப் போன மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். உயர்நிலைப் பள்ளியில் பீமாராவுக்குச் சமஸ்கிருதம் படிக்க ஆசை. தீண்டத்தகாத பையனுக்கு அதைச் சொல்லித் தர முடியாது என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். வேறு வழியின்றிப் பாரசீகம் எடுத்தார். சமஸ்கிருதத்தைப் பிற்காலத்தில் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டார்.

ஆக, அவர் எதிர்கொண்ட முதல் பாடத் தேர்வு அவர் கையில் இல்லை. சாதி அவருக்காகத் தேர்வு செய்தது. இதை நினைவில் வைத்தால்தான், பிறகு தேர்வு தன் கைக்கு வந்தபோது அவர் ஏன் அத்தனை கவனமாக இருந்தார் என்பது புரியும்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுக்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தந்தை இறந்தார். வீட்டுப் பொறுப்பு முழுவதும் தலையில் விழுந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் படிப்புக்கு வாய்ப்பு வந்தது.

பொருளாதாரம் ஏன்?

அமெரிக்காவில் படிக்க பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்க முன்வந்தது. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்று 1913 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். என்ன படிக்க விருப்பம் என்று மன்னர் கேட்டபோது சமூகவியல், பொருளாதாரம், அதிலும் அரசு நிதி என்று அவர் சொன்னதாக வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. தன் மக்கள் ஏன் இந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை அறிய இந்தப் பாடங்கள் தேவை என்பது அவர் கணக்கு.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். அதோடு வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4. கிடைத்தது மூன்றே ஆண்டு. ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்று படித்தார். 1915இல் எம்.ஏ. 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். முதன்மைப் பாடம் பொருளாதாரம்தான், ஆனால் சாதியைப் பற்றி எழுத மானுடவியல் வகுப்பு உதவியது. ஒரு பாடத்தை எடுத்தால் மற்றதெல்லாம் போய்விட்டது என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டு கதவுகள்

1916 அக்டோபரில் லண்டன் போனார். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் சேர்ந்தார். பாரிஸ்டர் படிப்புக்கு கிரேஸ் இன். பொருளாதார ஆய்வுக்கு லண்டன் பொருளாதாரப் பள்ளி. ஆனால் பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் திரும்பி வர வேண்டியதாயிற்று. இரண்டு படிப்பும் பாதியில் நின்றன. ஒன்றை மட்டும் செய்தார்: நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். கதவைச் சாத்தாமல் வந்தார் என்று சொல்லலாம்.

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டில் பட்டம் வாங்கியவருக்கு ஊரில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. அலுவலகப் பியூன்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் மேசை மேல் வீசினார்கள். பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். பங்குச் சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918இல் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அங்கேயும் அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இங்கேதான் சட்டப் படிப்பின் அவசியம் தெரிகிறது என்பது நம் கருத்து. பொருளாதாரம் அவருக்கு அறிவைக் கொடுத்தது. ஆனால் அதை வைத்து அன்று கிடைத்த வேலையெல்லாம் அரசு வேலை, அல்லது பிறர் தயவில் நடக்கும் வேலை. அரசு வேலையில் இருந்துகொண்டு அரசையும் சாதியையும் எதிர்த்துப் போராட முடியாது. வக்கீலுக்கு மேலதிகாரி இல்லை.

இந்த முறை பரோடா பணம் இல்லை. பேராசிரியர் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். வாங்கி வந்த நான்கு ஆண்டுக் கெடு முடியும் முன், 1920இல் மறுபடி லண்டன் போனார். அரை வயிறு சாப்பாடு, காலை முதல் மூடும் வரை பிரிட்டிஷ் மியூசிய நூலகம். பம்பாயில் மனைவி ரமாபாய் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கினார். அண்ணல் வாங்கிய பட்டங்களில் அந்த அம்மையாரின் பட்டினிக்கும் பங்கு உண்டு.

1921இல் எம்.எஸ்சி. 1922இல் பாரிஸ்டர். ரூபாயின் பிரச்சினை பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். பணம் தீர்ந்ததால் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். 1923 இறுதியில் அந்தப் பட்டமும் கிடைத்தது.

இரண்டும் சேர்ந்தபோது

பாரிஸ்டர் ஆனதும் கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கவில்லை. தீண்டத்தகாத வக்கீலுக்கு வழக்குக் கொடுக்க சொலிசிட்டர்கள் தயங்கினார்கள். வருமானத்துக்காகக் கணக்கியல் நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1926இல் பிராமணரல்லாத தலைவர்கள் மூவர் மேல் போடப்பட்ட அவதூறு வழக்கில் வாதாடி வென்ற பிறகுதான் பெயர் பரவியது. அதே காலத்தில், 1925 டிசம்பரில், இந்திய நாணயம் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் முன்பு பொருளாதார அறிஞராகச் சாட்சியம் அளித்தார்.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கானவர்களோடு தண்ணீர் குடித்தார். நகராட்சி எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம்தான், இருந்தும் நம் மக்களை விடவில்லை. சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். அந்தக் குளம் பழங்காலம் முதல் தங்களுக்கு மட்டுமே உரியது என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு பத்தாண்டு நடந்தது. அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக அவர்கள் நிரூபிக்கவில்லை என்று 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்த சிறுவன், தன் மக்களுக்குத் தண்ணீர் உரிமையைச் சட்டப்படி வாங்கிக் கொடுத்தார்.

அதே 1937இல் கொங்கண் பகுதியின் கோத்தி நில முறையை ஒழிக்க பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். இடைத்தரகர்கள் குத்தகை என்ற பெயரில் விவசாயிகளைச் சுரண்டிய முறை அது. சுரண்டலைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரம், அதை நிறுத்தச் சட்டம். 1946இல் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தச் சட்டம் அவர் முயற்சியில் வந்தது. 1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவரானதும் அதன் தொடர்ச்சிதான்.

அவர் நமக்குச் சொன்னது

அண்ணன்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். 1942இல் வைஸ்ராய்க்குப் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி அவர் கோரிக்கை மனு கொடுத்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அதில் கேட்டார். தான் படித்ததையே எல்லோரும் படிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நம்மவர்கள் நுழையாத இடம் எது என்று பார்த்து அங்கே அனுப்பச் சொன்னார். 1944இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம்தான், இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையாக வளர்ந்திருக்கிறது.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். அவர் பெயரில் தமிழ்நாட்டில் சட்டப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அதனால் அவரைப் பின்பற்றுவது என்றால் சட்டம் படிப்பதுதான் என்று ஆகிவிடாது.

காளவாசலில் கேட்ட மாணவிக்கு நாம் சொன்னதை மற்ற மாணவர்களுக்கும் சொல்கிறோம். அண்ணல் எடுத்த பாடத்தை விட, அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். எதைத் தெரிந்துகொள்ள ஆசை, யாருக்கு உதவ நினைக்கிறோம், பணம் எத்தனை ஆண்டு வரும் என்று மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் அவர் முடிவெடுத்தார். வேதியியல் பிடித்திருந்தால் தைரியமாக எடுக்கலாம். எந்தப் பட்டம் முடித்தவரும் பிறகு மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். மதுரை அரசு சட்டக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. சட்டத்தில்தான் மனம் என்றால் ஐந்தாண்டுப் படிப்பில் இப்போதே சேரலாம். அம்பேத்கர் படித்தார் என்பதற்காக மட்டும் சேர வேண்டாம்.

எதில் சேர்ந்தாலும் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதலில் கையில் இருக்கட்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. அது நாம் யாரிடமும் கெஞ்சி வாங்கும் பணம் இல்லை. சூளையில் இன்னொரு முன்பணம் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்கும் முன், பெற்றோர் கல்லூரி அலுவலகத்தில் இதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த மாணவி இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினார். அவர் எதை எடுத்தாலும் அது அவராக எடுத்ததாக இருக்கட்டும்.